முன்சீப் எழுதிய சிரிப்புக் கதை



கதைப் புத்தகம் படிப்பது பொழுதைப் போக்குகிற வேலை, பாடப் புத்தகம் படிப்பதுதான் படிப்பு என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. அதிலும் சிரிப்புக் கதை என்றால் கேட்கவே வேண்டாம். பையன் அதைக் கையில் வைத்திருந்தால் அப்பா முகம் சுளிப்பார். இன்று நாம் பார்க்கப் போவது அப்படிச் சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட ஒரு புத்தகத்தின் சரித்திரம். அதன் பெயர் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1879-ஆம் ஆண்டில் அச்சில் வந்தது. தமிழில் வசன நடையில் எழுதப்பட்ட முதல் நாவல் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிற நூல் அது.

இதை எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் 1826-ல் பிறந்தவர். கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பம். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் வேலையில் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். முன்சீப் என்றால் கடன், நிலம், வரப்புத் தகராறு போன்ற வழக்குகளை முதலில் விசாரிக்கும் நீதிபதி. ஏழை மக்கள் நேரே வந்து நிற்பது பெரும்பாலும் அந்த முன்சீப் முன்னால்தான். பிறகு சீர்காழியிலும், மாயூரத்தில் பதின்மூன்று ஆண்டுகளும் அவர் அதே வேலையைப் பார்த்தார். ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த மாயூரத்தைத்தான் இப்போது மயிலாடுதுறை என்கிறோம்.

தரங்கம்பாடி என்றதும் ஒரு சின்னச் செய்தி. அந்த ஊர் 1620 முதல் 1845 வரை டென்மார்க்குக்காரர்கள் கையில் இருந்தது. ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்து நேயர்களுக்கு டென்மார்க்குக்காரர் என்றால் புதிது அல்ல. பக்கத்திலுள்ள ஜெண்டராட்டா ரப்பர்க் கம்பெனியை 1906-ல் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்குக்காரர்தானே! ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. தஞ்சாவூர்க் கரையும் பெர்ணம் ஆற்றங்கரையும் இப்படி எதிர்பாராத இடங்களில் கைகோத்துக்கொள்வதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனிக் கதைக்கு வருவோம். சத்தியபுரி என்ற ஊரில் செல்வக் குடும்பத்தில் பிறந்த பிரதாபன் தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறான். வீட்டில் செல்லம் அதிகம். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று நினைக்கிற பெரியவர்கள். பையன் பாடம் சொல்லாவிட்டால் அடி விழுவது அவனுக்கு அல்ல, கூடப் படிக்கும் ஏழைப் பையன் கனகசபைக்கு! அத்தைமகள் போல, மாமன்மகள் போல உறவில் ஒரு பெண், ஞானாம்பாள். படிப்பிலும் புத்தியிலும் அவனைவிட எட்டுப் படி மேலே நிற்பவள். இருவருக்கும் கல்யாணம் பேசும்போது, கல்யாணத்துக்குப் பிறகு யார் வீட்டில் குடியிருப்பது என்று இரண்டு தகப்பன்மார்களுக்கும் சண்டை வந்துவிடுகிறது. இந்தச் சண்டை வருகிற பக்கங்களைப் படித்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். நம் பக்கத்துச் சம்பந்தி வீடுகளிலும் கேட்ட வசனமாக இருக்கும்.

ஒரு வழியாகக் கல்யாணம் நடந்து, பிறகு இருவரும் பிரிய நேர்கிறது. ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு கணவனைத் தேடிப் புறப்படுகிறாள். விக்கிரமபுரி என்ற ஊரில் அரசன் இறந்து, அடுத்த அரசனைத் தேர்ந்தெடுக்கப் பட்டத்து யானையின் துதிக்கையில் மாலை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யானை அந்த மாலையை ஞானாம்பாள் கழுத்தில் போடுகிறது. ஆண் உடையில் இருந்த பெண் ராஜாவாகிவிடுகிறாள். நூல் முழுவதும் இப்படித்தான். நடுநடுவே கிளைக்கதைகள், வேடிக்கைகள், துணுக்குகள்.

இந்தப் புத்தகத்தை நான் முதலில் படித்தது ஹுத்தான் மெலிந்தாங் தோட்டப்புறத்தில், 1960-களில், பன்னிரண்டு வயதில். வாத்தியாரின் மர அலமாரியில் இருந்த அட்டை கிழிந்த பிரதி. ‘ஹுத்தான்’ என்றால் காடு, ‘மெலிந்தாங்’ என்றால் குறுக்கே கிடப்பது. அந்தக் காட்டை வெட்டித்தான் ரப்பரும் தென்னையும் வைத்தார்கள், இன்றைக்குப் பெரும்பாலும் செம்பனை. அந்தி நேரத்தில் லயத்து வாசலில் உட்கார்ந்து நான் வாய்விட்டுப் படிப்பேன். எழுத்து அறியாத பெரியவர்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். யானை மாலை போட்ட இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். செருப்புக் கதை வந்தபோது இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

அந்தச் செருப்புக் கதை என்ன? பிரதாபன் அறியாத ஊர் ஒன்றில் ஒருவனிடம் செருப்பைத் தைக்கக் கொடுக்கிறான். கூலி எவ்வளவு என்று பேசவில்லை. உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று மட்டும் சொல்கிறான். வேலை முடிந்ததும் காசு நீட்டினால், எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்கிறான் செருப்புத் தைத்தவன். எவ்வளவு நீட்டினாலும் அதே பதில்தான். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. பிரதாபன் சிறையில் அடைபடுகிறான். பிற்பாடு அரசராக வந்த ஞானாம்பாள் வழக்கை மறுபடி எடுத்து, அந்த மனிதன் வாயாலேயே ‘சந்தோஷம்’ என்ற சொல்லை வரவழைத்துக் கணவனை மீட்கிறாள். ஒரு சொல்லில் விழுந்த முடிச்சு, அதே சொல்லால் அவிழ்கிறது.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, பால் வெட்டியே கை காய்த்துப்போன ஒரு பாட்டி கேட்டார்: “அதுசரி, கூலிய மொதல்லயே பேசிக்கிட்டா என்னவாம் அந்த மொதலியாருக்கு?” அன்றைக்கு எனக்கு அது பொருத்தமில்லாத கேள்வியாகப் பட்டது. கதை அப்போதுதானே வேடிக்கையாகும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

பல ஆண்டுகள் கழித்து, அண்மையில், அதே நூலை மறுபடி எடுத்துப் படித்தேன். யானையும் ஆண் வேஷமும் முன்பு போல் சிரிப்பை மூட்டவில்லை. செருப்புக் கதையில்தான் நின்றுவிட்டேன். பாட்டியின் கேள்வி புத்தகத்தின் நடு நரம்பைத் தொட்ட கேள்வி என்று இப்போது தெரிகிறது.

சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவன் வேலை செய்கிறான். அவனுக்குச் சேர வேண்டியது எண்ணாகச் சொல்லப்படவில்லை, இனிமையான ஒரு வார்த்தையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கதையில் அந்த வார்த்தையைச் சொல்பவன் பணக்காரன், அதைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றுபவன் ஏழைத் தொழிலாளி. நம் முன்னோர் அறிந்த வாழ்க்கையிலோ இது தலைகீழ். ஊருக்கு வந்த கங்காணி மலாயாவில் மரத்தில் காசு காய்க்கும் என்றான், சுகமாக இருக்கலாம் என்றான். அந்தச் ‘சுகம்’ எத்தனை காசு என்று அவனும் சொல்லவில்லை, பசியோடு இருந்தவர்கள் கேட்கவும் இல்லை. ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர்களோ படிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்கள். அந்த ஒப்பந்த முறை மலாயாவில் 1910-ல்தான் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938-ல் இந்திய அரசு தடை போடும் வரை நடந்தது.

கூலி எண்ணாக எழுதப்படுவதற்கே எவ்வளவு காலம் பிடித்தது! 1920-களின் கடைசியில், முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசாங்கம் அளவு வைத்தது. சில ஆண்டுகளிலேயே உலகம் முழுவதும் வாணிகம் சரிந்தபோது அதையும் குறைத்தார்கள். 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு, கூலி என்பது இரண்டு தரப்பும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து பேசி, எழுதி, கையெழுத்திடுகிற விஷயமாயிற்று. பாட்டி கேட்டது இதைத்தான். முதலிலேயே பேசிக்கொள்ளக் கூடாதா?

இனி இந்த நூல் பிறந்த காலத்தைப் பார்க்க வேண்டும். இது 1879-ல் வந்தது என்றேன். அதற்கு முந்திய மூன்று ஆண்டுகள், 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தாது வருஷத்தில் தொடங்கியதால் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பாட்டிமார் சொல்வார்கள். லட்சக்கணக்கில் மக்கள் மாண்டார்கள். வேதநாயகம் பிள்ளை அப்போது பதவியில் இல்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தன் கதையைக் கீர்த்தனையாகப் பாடிய அதே பாரதியார், இவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். மனிதரைப் பாடாத அவர் பாடினார் என்பதால் இது பெரிதாகப் பேசப்படுகிறது.

அதே காலத்தில் இந்தப் பக்கம் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1877-ல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது அந்தக் கன்றுகளை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பிற்காலத்தில் பல லட்சம் தமிழர்களைக் கப்பலேற்றப் போகிற மரம் அதுதான் என்று யாருக்குத் தெரியும்? ஒரு கரையில் பஞ்சம், மறு கரையில் ரப்பர்க் கன்று, நடுவில் மாயூரத்தில் ஒருவர் சிரிப்புக் கதை எழுதி அச்சுக்குக் கொடுக்கிறார். மாயூரத்துக்கு நாகப்பட்டினம் துறைமுகம் அதிகத் தூரமில்லை. பினாங்குக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம் அது.

பஞ்சத்தில் கஞ்சி வார்த்த கை எப்படிச் சிரிப்புக் கதை எழுதிற்று என்று கேட்கலாம். எனக்கு அதில் வியப்பில்லை. இழவு வீட்டிலும் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் செத்தவரின் பழைய குறும்பு ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கு மேல் இதைப் பற்றி ஊகம் செய்வது சரியல்ல. அவர் சொன்ன காரணம் வேறு. தமிழில் செய்யுள் ஏராளம், வசனத்தில் படிக்க நூல்கள் இல்லை, அந்தக் குறை தீர எழுதுகிறேன் என்றார். வைத்தியம், சோதிடம், கணக்குக்கூடப் பாட்டில் எழுதப்பட்ட மொழி அது. ‘நாவல்’ என்ற சொல் நம்மிடம் வேரூன்றாத நேரம். தம் நூலை ‘வசன காவியம்’ என்றே அவர் அழைத்தார்.

வசனம் வேண்டும் என்று அவர் துடித்ததற்கு நீதிமன்றமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சென்னை மாகாணத்தின் பெரிய நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டவர் இவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய வேலை! தீர்ப்பு இங்கிலீஷில், வக்கீல் பேச்சு இங்கிலீஷில், ஆனால் வழக்குக்காரனோ தமிழ் மட்டும் அறிந்தவன். தன் நிலம் போகிறதா நிலைக்கிறதா என்பதைப் பிறர் முகத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். அப்படி நின்றவர்களை முன்சீப் நாற்காலியிலிருந்து எத்தனை நாள் பார்த்திருப்பார்! ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஞானாம்பாள் வாயிலாக இதை ஒரு பிடி பிடிக்கிறார். தமிழ்நாட்டில், தமிழ் பேசுகிற நீதிபதி முன், தமிழ் பேசுகிற கட்சிக்காரனுக்காக, தமிழ் அறிந்த வக்கீல் ஏன் இங்கிலீஷில் வாதாட வேண்டும் என்பது அவள் கேள்வி. பன்னிரண்டு வயதில் இந்தப் பக்கங்களை நான் தாண்டிப் போயிருக்க வேண்டும், நினைவில் துளியும் இல்லை. இப்போது படித்தபோது, தோட்டத்து ஆபீசில் கிராணி நீட்டிய காகிதத்தின் முன் மௌனமாக நின்ற முகங்கள் கண்ணில் வந்தன.

சிரிப்புக் கதைக்குள் நீதிமன்றத்தை ஒளித்து வைப்பது உலகத்தில் வேறு இடத்திலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-ல் ‘பிக்விக்’ என்ற வேடிக்கைக் கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார். அதில் பிக்விக் என்ற நல்ல மனிதர் ஒரு வேலையாளை வைத்துக்கொள்வது பற்றிச் சொன்ன வார்த்தையை, வீட்டுக்கார அம்மாள் தன்னைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறாள். வழக்கு, தோல்வி, தண்டம் கட்ட மறுத்துச் சிறை. ஒரு சொல்லால் சிறைக்குப் போனவர் அங்கேயும் ஒருவர்! டிக்கன்ஸின் தகப்பனார் 1824-ல் கடனுக்காகச் சிறையில் இருந்தவர். டிக்கன்ஸ் இளமையில் நீதிமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர். வேதநாயகம் பிள்ளை அதைப் படித்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றத்தை உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு, சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் விழுகிற பள்ளம் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

புத்தகத்தில் குறைகளும் இருக்கின்றன. நீதி சொல்வதில் ஆசிரியருக்கு ஆசை அதிகம். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்து நிறுத்திவிட்டு, தாய் தந்தையரைப் போற்றுவது, பொய் சொல்லாமை என்று பிரசங்கம் தொடங்கிவிடுவார். இன்னொரு குறை இதைவிடப் பெரிது. செருப்புத் தைப்பவனும் வேலைக்காரனும் இங்கே சிரிப்புக்கு ஆளாகிறார்கள், பெரிய வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். அடி வாங்கும் கனகசபையின் வலியை ஆசிரியர் அறிவார், அவனை நல்லவனாகவும் காட்டுகிறார். செருப்புத் தைத்தவனுக்கோ அவன் பக்கத்து நியாயம் என்று ஒரு வரி கிடையாது. லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்ட பாட்டிக்குத்தான் அது உறுத்தியது.

பெண்கள் விஷயத்தில் மட்டும் முன்சீப் தம் காலத்துக்கு வெகுதூரம் முன்னால் நின்றார். 1869-லேயே ‘பெண்மதி மாலை’ என்று பெண் கல்விக்காக ஒரு நூல் எழுதியவர். இந்த நாவலில் முடிச்சைப் போடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள், அவிழ்க்கிறவள் ஞானாம்பாள். ஆண் உடையில் அரசாண்டு, கணவனை மீட்டு, ஆட்சியையும் ஒப்படைத்துவிட்டு அவள் வீடு திரும்புகிறாள். படித்த பெண் வீட்டுக்கு ஆகமாட்டாள் என்று எண்ணிய காலத்தில் இதைப் படித்த பெண்பிள்ளை ஒருத்தியாவது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

இவர் திறந்த கதவு வழியாகப் பிறகு பலர் வந்தார்கள். இலங்கையில் சித்திலெப்பை ‘அசன்பே சரித்திர’த்தை 1885-ல் வெளியிட்டார். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் பத்திரிகையில் தொடராக வந்தது. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898-ல் வந்தது. நம் மலாயாவில் க. வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917-ல் வெளிவந்தது. மலாயாத் தமிழ் நாவல்களில் அதையே முதலாவதாகக் குறிப்பிடுகிறார்கள். தோட்டத்தில் பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கிற்று. அப்படி வந்த பள்ளிகளில் எழுத்துக் கற்றவர்கள்தான் பின்னால் பத்திரிகையும் கதையும் வாங்கிப் படித்தவர்கள், எழுதியவர்கள்.

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ இன்றும் பல பதிப்புகளாகக் கிடைக்கிறது, நூலகங்களிலும் இருக்கிறது. கையில் கிடைத்தால் வீட்டில் ஒருவர் வாய்விட்டுப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். பழைய நடை, முதல் இரண்டு மூன்று பக்கம் சற்றுக் கரடுமுரடாக இருக்கும், பிறகு பழகிவிடும். இரண்டு தகப்பன்மாரின் சண்டையையும், யானை மாலை போடுகிற இடத்தையும், செருப்பு வழக்கையும் விட்டுவிடாதீர்கள். பிரசங்கம் வருகிற இடத்தில் நாலு பக்கம் தள்ளிவிட்டுப் போனால் முன்சீப் ஐயா வழக்குப் போடமாட்டார்.